முப்பத்தெட்டு புள்ளி நாலு

மூன்று புள்ளி ஒன்று. கொஞ்சம் முன்னால் பார்த்தபோது இரண்டு புள்ளி ஆறு. அட, இதெல்லாம் ஒரு நகர்வா, அரை டிகிரி, இவ்வளவு பெரிய மூலக்கூறில் அரை டிகிரி ஆடத்தான் செய்யும், அடுத்த சுற்றில் திரும்பி வந்து சமர்த்தாகத் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், பார்த்துக்கொண்டே இரு வல்லி. மணி பத்து ஐந்து. பதினொன்றுக்குக் கமிட்டி. காலையில் எட்டே முக்காலுக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஓடவிட்டேன். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம். முடிய இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பது கமிட்டிக்குத் தெரியாது, சற்குணம் சாருக்குத் தெரியாது, ஜெபமலருக்குத் தெரியாது. ஜெபமலர் அவருடைய மாணவி. நான் கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு மூலக்கூறை ஐந்து வருஷமாகக் கையால் செய்துகொண்டிருக்கிற பெண். செய்துவிட்டாள், ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. ஆனால் அதில் மின்சாரம் ஓட மாட்டேன் என்கிறது. ஓடும் என்று நான் எழுதியிருக்கிறேன், அச்சில் இருக்கிறது, பெரிய பத்திரிகை, அட்டையில் படத்தோடு. அச்சில் இருப்பது தப்பாக இருக்குமா, அதனால் தப்பு அவளுடையது. அவளை ஆராய்ச்சியை விட்டு அனுப்பிவிடலாமா என்று இன்றைக்கு மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறோம். மூன்று பேரில் நான் ஒருத்தி. நாலு புள்ளி நாலு. எங்கே திரும்பி வந்தது, முன்னால்தான் போயிருக்கிறது. பரவாயில்லை, நாலு புள்ளி நாலும் தட்டைதான், நாலு டிகிரிக் கோணலோடு எத்தனையோ நல்ல மூலக்கூறுகள் ஊருலகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தட்டை, தட்டை, என் பிழைப்பே இந்தத் தட்டையில்தான் இருக்கிறது. கரி வளையங்களால் ஆன மூலக்கூறு தட்டையாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று கவுளி வெற்றிலை மாதிரி படிந்து அடுக்கிக்கொள்ளும், அடுக்கினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்னூட்டம் தாண்டும், தாண்டினால் அதை வைத்து மடிக்கிற திரை செய்யலாம், சட்டையில் தைக்கிற விளக்கு செய்யலாம், இதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் படமாகப் போட்டுச் சொல்கிறேன், சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது. எங்கள் மூலக்கூறுக்கு எஸ்.வி. ஏழு என்று பெயர். எஸ் சற்குணம், வி நான். இரண்டு பாதி, நடுவில் ஒரே ஒரு பிணைப்பு, கதவுக் கீல் மாதிரி. அந்தக் கீலில் இரண்டு பாதியும் எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதுதான் இந்தத் திரையில் ஓடுகிற எண். பூஜ்யம் என்றால் தட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் போட்டபோது பூஜ்யம், சுத்தமான பூஜ்யம், பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். அவ்வளவு சுத்தமாக ஒரு எண் வந்தால் எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் சந்தேகம் வரவேண்டாமா. எனக்கு வரவில்லை. சிமெட்ரி என்று ஒரு வரி உண்டு. இந்த மூலக்கூறின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி, முழுக்க ஒரே தளத்தில் இருக்கிறது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கு கால்வாசி நேரத்தில் முடியும். எல்லாரும் எழுதுவார்கள். எழுதிவிட்டு, முடிந்த பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, மூலக்கூறை லேசாகத் தட்டிவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள், நிஜமாகவே அப்படியே நிற்கிறதா என்று. அந்த இன்னொரு தடவைதான் நான் ஓட்டாதது. பொங்கல் லீவு, கம்ப்யூட்டருக்கு வரிசை, பேப்பரை அனுப்ப ஆறு நாள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்பளத்தின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, பாருங்கள் அப்பளம் எவ்வளவு தட்டை என்று உலகத்துக்கே காட்டியிருக்கிறேன். இல்லை, அப்படிச் சொல்லாதே, இன்னும் முடியவில்லை. குழவியை எடுத்தாயிற்று, அப்பளம் சுருளுமா சுருளாதா என்று பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குக் காலையில்தான் எனக்கு இது தோன்றியது. ஆமாம், இன்றைக்குக் காலையில்தான். ஆறு புள்ளி பூஜ்யம்.

நான் கடைசியாகக் கையில் ஆசிட் பட்டு அலறியது எம்.எஸ்ஸி. படிக்கும்போது. அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷமாக ஒரு குடுவையைத் தொட்டதில்லை, என் வேதியியல் எல்லாம் விசைப்பலகையில். அப்படிப்பட்ட நான்தான் இன்னொருத்தி கையைப் பற்றிப் பேசினேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆய்வுக் கூட்டம், போண்டாவும் காப்பியும் வந்த நேரம். ஆறாவது தடவையாகச் செய்த எஸ்.வி. ஏழும் ஓடவில்லை என்று ஜெபமலர் வரைபடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், நெற்றியில் வேர்வை, சற்குணம் சார் உம்மென்று இருக்கிறார். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சொன்னேன், சாமி சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. சார், பொண்ணுக்குக் கைராசி இல்லபோல, வேற யார் கையிலயாச்சும் குடுத்துப் பாருங்க. எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். போண்டா நன்றாக இருந்தது, இரண்டாவது எடுத்துக்கொண்டேன். கைராசி டாக்டர் உண்டு, கைராசி டெய்லர் உண்டு, ஆராய்ச்சிக்கூடத்திலும் அந்தப் பேச்சு எப்போதும் உண்டு, யார் போட்டால் படிகம் விழும், யார் போட்டால் தார் விழும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள், சிரிப்புக்குத்தான். ஆனால் ஒரு பேராசிரியை சொன்னால் அது சிரிப்பாக நிற்குமா. சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. அவள் பக்கத்து மேசைக்காரன் தன் குடுவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான். முதலாமாண்டுப் பெண் படிகம் வளர்க்கிற அலமாரியை அவள் வரும்போதெல்லாம் சாத்திவைத்தாள். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைப்பது வருஷா வருஷம் ஜெபமலர்தான், கிறிஸ்தவப் பெண் என்றாலும் அவள்தான் வைப்பாள், அவ்வளவு அழகாக வட்டம் போடுவாள். அந்த வருஷம் யாரோ அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன்டா வாங்குறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், வாயில் கொழுக்கட்டையா இருந்தது. எட்டு புள்ளி ஒன்பது.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். ஒன்பது ஐம்பதுக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை. மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. குளிக்கப் போயிருப்பாள். விடுதியில் தண்ணீர் பத்து மணிக்கு நிறுத்துவார்கள், வரிசையில் நிற்பாள். இல்லை, கமிட்டி அன்றைக்கு யார் பத்து மணிக்குக் குளிப்பார்கள். நேற்று மத்தியானம் இங்கே வந்தாள், இதே நாற்காலி. உட்காரச் சொன்னேன், உட்காராமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்துபோய் வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. ஊரில் அம்மா அவளை ஒரு ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்களாம், பாஸ்டர் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபித்தாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பால் வாங்கிவந்தேன் என்று சொல்வது மாதிரி சொன்னாள். அப்புறம் கேட்டாள், மேடம், கைராசின்னு ஒண்ணு நெஜமாவே இருக்கா. பி.எச்டி. படிக்கிற பெண், முதல் ரேங்க் வாங்கி வந்த பெண், என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொன்னேன். அதெல்லாம் மனசுல போட்டுக்காத என்றேன். இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். போகும்போது மெதுவாக, சத்தமே வராமல் கதவைச் சாத்தினாள். வெள்ளைக் கோட்டை ஜூனியருக்குக் கொடுத்துவிட்டாள் என்று காலையில் துப்புரவு செய்ய வந்த அக்கா சொன்னாள், மின்சாரக் கெட்டிலையும் யாருக்கோ, தலையணையைக்கூட. ஊருக்குப் போகிறவள் கொடுக்கத்தான் செய்வாள். ஊருக்குப் போகிறவள் தலையணையை ஏன் கொடுக்கவேண்டும். போன வருஷம் எதிர்க் கட்டடத்தில் ஒரு பையன் இப்படித்தான் சைக்கிளையும் புத்தகத்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். நிறுத்து. அந்த நினைப்பே வேண்டாம், மனசால்கூட நினைக்காதே. எழுந்துபோய் விடுதியில் பார்த்துவிட்டு வரலாம், பத்து நிமிஷ நடை. எழுந்துவிட்டேன். பன்னிரண்டு புள்ளி இரண்டு. உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு. இது ஆட்டமில்லை. இது போகிறது.

எனக்கு இது எங்கே போய் நிற்கும் என்று தெரியும். ஏன் தெரியும், கணக்கு முடியுமுன்னே யாருக்காவது விடை தெரியுமா. தெரியும், அவள்தான் கொண்டுவந்து காட்டினாளே. போன வருஷம் செப்டம்பரில், எங்கள் நிலையத்து எக்ஸ்ரேக் கருவியில் நாலு நாள் வரிசையில் நின்று, எஸ்.வி. ஏழின் படிகம் ஒன்றை எடுத்து அளந்துகொண்டு வந்தாள். ஓடிவந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. மேடம், இது தட்டையா இல்ல மேடம், திரும்பியிருக்கு, முப்பத்தெட்டு புள்ளி நாலு. காகிதத்தில் அந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில், தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம், ஆனால் யாருடைய தப்பு என்று சொல்ல மரியாதை விடவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கிற நேரத்தில் வார்த்தை கிடைத்துவிட்டது. கரைப்பான் உள்ளே மாட்டியிருக்கும்மா, அது நடுவில் புகுந்து முறுக்கிவிட்டிருக்கும், உன் சாம்பிள் சுத்தமில்லை, இன்னொரு தடவை செய். சரிங்க மேடம் என்று மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு தடவை என்று நான் வாயால் சொன்னது அவளுக்கு நாலு மாதம். அப்படி மூன்று இன்னொரு தடவை. பதினேழு. அன்றைக்குச் சாயங்காலம், சொல், இங்கே யார் இருக்கிறார்கள், உனக்கு நீயே சொல்லிக்கொள்ள என்ன வெட்கம். அன்றைக்குச் சாயங்காலம் நான் பழைய கோப்பைத் திறந்தேன். நாலாவது வரியில் சிமெட்ரி இருந்தது. நான் எழுதினது, என் கையால். இன்னொரு தடவை ஓட்டின கோப்பைத் தேடினேன். இல்லை. இல்லாததைத் தேடிவிட்டு, இருந்ததை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பூரி சுட்டேன். காலையில்தான் தோன்றியதாம், பதினாலு மாதம் கழித்துக் காலையில் தோன்றியதாம். இந்தப் பொய்யை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இருபத்தொன்று. யூ.பி.எஸ். இரண்டு தடவை கீச்சென்றது, மின்விசிறி சுணங்கி மறுபடி சுற்றியது. வெளியே ஐப்பசி மேகம் பத்தரை மணிக்கே கட்டடத்தை இருட்டடித்துவிட்டது. கரண்ட் போனால் கணக்கு நின்றுவிடும், நின்றால் யார் என்னைக் கேட்க முடியும், கமிட்டியில் உட்கார்ந்து ஒரு கையெழுத்து, அப்புறம் நிதானமாக, அடுத்த மாதம், வேறு ஒரு பேப்பரில் ஒரு மூலையில் ஒரு வரி, முந்தைய கணக்கில் சில திருத்தங்கள் தேவைப்படலாம் என்று. அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மனசாரக் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அது உண்மை. போகவில்லை. இருபத்தைந்து. சற்குணம் சார் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலில் எப்போதும் ஒரு கெஞ்சல். மேடம், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரலாம், அவளே விலகிக்கிறேன்னு லெட்டர் எழுதிட்டா, நாம பேருக்கு உட்காரணும், அவ்வளவுதான் என்றார். நான் ஜெபமலரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நேத்து சாயங்காலம் பார்த்ததுதான் என்றார். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார், நல்ல பொண்ணு மேடம், கஷ்டப்பட்டுத்தான் வேலை செஞ்சா, ஆனா என்ன செய்ய, நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே. என்ன சொன்னேன் என்று நான் கேட்கவில்லை. வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சார், கமிட்டியைத் தள்ளிப்போடுங்கள், தப்பு என்னுடையது, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், ஏழெட்டு வார்த்தை. கணக்கு முடியட்டும் என்று நினைத்தேன். முடியாத கணக்கை வெளியே சொல்லக்கூடாது, அது எங்கள் தொழில் ஒழுக்கம், என் மாணவர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், எண் ஓரிடத்தில் நிற்கிறவரைக்கும் வாயைத் திறக்காதே. நல்ல ஒழுக்கம். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இருபத்தொன்பது புள்ளி ஐந்து.

மூன்றாவது தடவை அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விடுதி வார்டனைக் கூப்பிட்டேன், அவள் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளே என்றார் அந்தம்மா. எங்கே போனாள். எங்கேன்னு கேட்கலையே மேடம். சாவியைக் கொடுத்துவிட்டால் அறையில் இல்லை, அது நல்லது. அறையில் இல்லை என்றால் எங்கே. பழைய நூலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. ஐயோ வல்லி, ஏன் இப்படி நினைக்கிறாய், பெற்றவள் மாதிரி துடிக்கிறாயே, இந்தத் துடிப்பு பதினாலு மாதமாக எங்கே போயிருந்தது. துடிப்பும்கூட அவளுக்காகவா, இல்லை எனக்காகவா. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த எண்ணோடு நான் காலம் பூரா இருக்கவேண்டுமே என்றா. அந்தப் பேப்பருக்கு எனக்கு விருது கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். இரண்டு நாட்டில் இரண்டு கூட்டம் என் கணக்கை நம்பி மூலக்கூறு செய்துகொண்டிருக்கிறது, அங்கேயும் எவளாவது ஒருத்திக்குக் கைராசி இல்லாமல் போயிருக்கும், அவர்கள் பாஷையில் அதற்கு என்ன வார்த்தையோ. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து புள்ளி எட்டு. இப்போது மெதுவாகிறது, நிற்கப்போகிற வண்டி மாதிரி. முப்பத்தேழு புள்ளி இரண்டு. உள்ளங்கையெல்லாம் ஈரம், புடவையில் துடைக்கிறேன், மறுபடி ஈரமாகிறது. முப்பத்தெட்டு புள்ளி ஒன்று. நில்லாதே, தயவுசெய்து தாண்டிப் போய்விடு, நாற்பது போ, ஐம்பது போ, அவள் எண்ணில் மட்டும் நிற்காதே. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. முப்பத்தெட்டு புள்ளி ஆறு. முடிந்தது என்று கீழே எழுதிவிட்டுத் திரை சும்மா இருந்தது. வெற்றிடத்தில் கணக்குப் போட்டால் புள்ளி ஆறு, படிகத்தில் அளந்தால் புள்ளி நாலு, இதைவிட ஒத்துப்போக முடியாது. அந்தப் பெண் கரைப்பானும் விடவில்லை, அழுக்கும் விடவில்லை. பதினோரு தடவையும் சரியாகத்தான் செய்திருக்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன், அழுகை என்று சொல்ல முடியாது, சத்தம் மட்டும் வந்தது.

கதவைத் தட்டிவிட்டு அவள் உள்ளே வந்தாள். மணி பத்து நாற்பத்தெட்டு. எண்ணெய் வைத்து வாரின தலை, இஸ்திரி போட்ட சுடிதார், தோளில் பை. உயிரோடு முழுசாக நிற்கிறாள். எனக்கு எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, எழுந்திருக்கவில்லை. போன் பையில் அடியில் கிடந்ததாம், நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்க நின்றிருந்தாளாம். ஒரு கையில் படிவம், விலகிக்கொள்வதற்கு, இரண்டு பேர் போட்டாயிற்று, மூன்றாவது இடம் காலி. இன்னொரு கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, கடைசியாக மிஞ்சின எஸ்.வி. ஏழு. சார் வாங்கிக்கொள்ளவில்லையாம், மேடத்திடம் கொடுத்துவிடு என்றாராம். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருந்தாள். விரல் படாமல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பழகிடுச்சு மேடம் என்றாள். உட்காரச் சொன்னேன். அம்மா கீழே நிற்கிறார்கள், மத்தியான ரயில், கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்றாள். நான் பேனாவை எடுக்கவில்லை. வாயில் வந்தபடி சொன்னேன்.

“ஜெபா, தப்பு உன் கையில இல்ல. என் கணக்குல.”

அவள் முகம் மாறவில்லை. சின்னப் பிள்ளை ஏதோ சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

“வேண்டாம் மேடம். எனக்காக நீங்க பொய் சொல்லாதீங்க.”

இல்லையம்மா, நிஜம் என்றேன். நிஜம் என்று சொல்லச்சொல்ல அது இன்னும் பொய் மாதிரி ஒலித்தது. நீங்கள் நல்லவர்கள், நேற்றுகூட மனசில் போட்டுக்காதே என்று ஆறுதல் சொன்னீர்கள், ஆனால் வேண்டாம், எனக்குத் தெரியும் என்கிறாள். உண்மையைச் சொன்னால் அவள் நம்பவில்லை, நம்பவில்லை என்றதும் எனக்குள் எங்கேயோ ஒன்று லேசாக மூச்சு விட்டது, அதை நான் கவனித்தேன், கவனித்துப் பயந்துபோனேன். இன்னும் அரை நிமிஷம் அப்படியே விட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று தெரிந்தது. திரையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினேன். சிமெட்ரி இருந்த பழைய கோப்பு ஒரு பக்கம், இன்றைக்கு ஓடினது ஒரு பக்கம். விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். பழைய கோப்பின் நாலாவது வரியில் கண் நின்றது, கீழே இறங்கியது, கடைசி எண்ணுக்கு வந்தது. உதடு அசைந்தது.

“என்னோடது முப்பத்தெட்டு புள்ளி நாலு” என்றாள்.

குப்பியை மேசையில் வைத்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள். வெறும் விரலால் குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், பொடி கண்ணாடியில் ஏறி இறங்கியது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, வழியாமல் நின்றது. அப்புறம் குப்பியைப் பார்த்தபடியே கேட்டாள், கோபமில்லை, குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, தேதி கேட்பது மாதிரி.

“உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?”

செப்டம்பர். நீ காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போன அன்றைக்கே. உனக்கு எண்ணெய் பூசுமுன்னே, உன் அம்மா உன்னைக் கூட்டிப் போகுமுன்னே, நீ தலையணையைக் கொடுக்குமுன்னே, நீ மூன்று இன்னொரு தடவை செய்யுமுன்னே. எல்லாம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றது. தப்பைச் சொல்லிவிட்டேன், அதில் பாதிக் கஷ்டம்கூட இல்லை, தப்பு யாருக்கும் வரும். இந்தத் தேதி யாருக்கும் வராது, இது எனக்கு மட்டும் சொந்தம். சொல்லிவிடு வல்லி, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

“இப்பத்தாம்மா” என்றேன். “காலையில.”

இதை நம்பினாள். உடனே நம்பினாள், முகம் முழுக்க நம்பினாள். படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக, சாதாரணமாக இருந்தது. என்னுடையதுதான் நனைந்து சில்லிட்டிருந்தது. இப்போது வழிந்துவிட்டது அவள் கண்.

“வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க மேடம். கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பார்.”

நான் தலையாட்டினேன். அம்மாவுக்குப் போன் போட்டு, ரயில் இருக்கட்டும்மா, மேல வா, இல்ல இல்ல, அழல, நல்ல விஷயம்தான் என்றாள். மணி பதினொன்றாக மூன்று நிமிஷம் இருந்தது. சற்குணம் சார் அறையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. ஜெபமலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய், எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.